சிறுதேரும் சிறுபுகைவண்டியும்

மன்னர்தம் போரும் உடன்படிக்கையுமே வரலாறு எனக் கொள்ளும் வழக்கம் நம் பாடநூல்களிலிருந்து இன்னும் முற்றாக நீங்கிற்றில்லை. ஆதலின், நத்தார்க் காலத்திற் கடைகளில் அடுக்கப்பெறும் விளையாட்டுப் புகைவண்டியைப் பற்றியும் ஒரு வரலாற்றுக் கட்டுரையா எனச் சிலர் முறுவலிக்கலாம். முறுவலித்தலில் தவறில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளின் கையிற் கொடுக்கும் பொருள், அச் சமுதாயம் எதனை வியந்தது, எதனை விரும்பியது என்பதற்கு நம்பத்தகுந்த சான்றாகும். கல்வெட்டு, மன்னன் சொல்ல விரும்பியதைச் சொல்லும். விளையாட்டுப் பொருளோ எவரும் சொல்ல எண்ணாததைச் சொல்லிவிடும். கொழும்பிலே, வெள்ளவத்தைக் கடலோரத்திலும் கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இச் சிறுவண்டி என்ன பொருளைத் தந்தது என்பதே இங்கு ஆராயப்படுவது. அதற்குமுன் சிறிது தொலைவு பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

ஊர்தியைச் சிறிதாக்கி விளையாடும் வழக்கம் மேனாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர், குதிரை பூட்டாத மூன்று உருளைத் தேரை உருட்டுகின்றனர். உலரும் நெல்லைக் கவர வந்த கோழியை நோக்கி மகளிர் எறிந்த பொற்குழை வழியிலே கிடந்து அத் தேரைத் தடுக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையும், தச்சர் வீட்டுப் பிள்ளைகளே விரும்பும்படி புனையப்பட்ட, எவரும் ஏறிச் செலுத்தாத தேரொன்றைக் குறிக்கின்றது. குறுந்தொகையின் 61ஆம் பாட்டிலே தும்பிசேர்கீரனார் இன்னும் நுட்பமாக ஒன்றைக் கூறுகின்றார். தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச் சென்று மகிழ இயலாதாயினும், அதனைக் கையால் இழுத்தே சிறுவர் மகிழ்கின்றனர். அதுபோலத் தலைவனைக் கூடி இன்புறாவிடினும் அவன் நட்பைப் பேணியே யாம் இன்புற்றோம் என்பது அப் பாட்டின் கருத்து. ஏறமுடியாத வண்டியை இழுத்து மகிழ்தல் என்னும் இம் மனநிலையே உலகெங்கணுமுள்ள மாதிரிப் புகைவண்டி ஆர்வலர் அனைவரதும் மனநிலையாகும். அதனை இவரினும் செவ்விதின் உரைத்தார் உளரென நான் கருதவில்லை.

பிற்காலத்துப் பிள்ளைத்தமிழிலே, ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களுள் இறுதியிலே நிற்பது சிறுதேர்ப் பருவம். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அப் பருவம் இல்லை. அம்மானையும் ஊசலும் போன்றவை உள. இவ் வேறுபாடு பின்னர் நமக்கு வேண்டப்படும். வடமொழியிலே சூத்திரகர் இயற்றி, பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழாக்கிய மண்ணியல் சிறுதேர் என்னும் நாடகத்திலும் ஒரு சிறுவன் வருகின்றான். அயல் வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை அவன் வெறுத்து அழுகின்றான். கடைக் கண்ணாடியின் முன் நின்று விலைச்சீட்டைப் பார்த்துத் திரும்பும் இக்காலச் சிறுவன் அவனுக்குத் தம்பி முறையாகலாம்.

இனி மேனாட்டுச் செய்திக்கு வருவோம். 1830இல் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகையிரதப் பாதை திறக்கப்பட்ட சில்லாண்டுகளுக்குள் தகரத்தாலும் மரத்தாலும் பித்தளையாலும் ஆன விளையாட்டு வண்டிகள் தோன்றலாயின. அவை தனித்தனிப் பொருள்கள். ஒருவர் செய்த வண்டி மற்றொருவர் செய்த பாதையில் ஓடாது. இந்நிலையை மாற்றியது ஜெர்மனியிலுள்ள மார்க்கிளின் நிறுவனம். 1891ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையிலே, எட்டு என்னும் எண்ணின் வடிவிற் பாதையமைத்து, பாதையின் அகலங்களுக்கு எண்ணிட்டு ஓர் ஒழுங்கை அது வகுத்தது. இதன் வணிக நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு நத்தாருக்கு எஞ்சினும் ஒரு வட்டப் பாதையும் வாங்கினால், அடுத்த நத்தாருக்கு ஒரு பெட்டி, அதற்கடுத்ததற்கு ஒரு நிலையம், பின்னர் ஒரு பாலம். ஆசைக்கு எல்லை குறியாத பரிசு அது. பிள்ளைகள் டிசெம்பர் மாதத்திலே வேண்டுவனவற்றைப் பட்டியலிட்டு எழுதும் வழக்கத்துக்கு இதனினும் ஏற்ற பொருள் வேறில்லை.

புகைவண்டி நத்தாரோடு இணைந்தமைக்கு வணிகம் மட்டுமே காரணமன்று. கி. பி. 1223இலே இத்தாலியின் கிரேச்சியோ என்னும் ஊரிற் பிரான்சிஸ் அசிசியார் பாலன் பிறப்புக் காட்சியை அமைத்தார் என்பர். அவ் வழக்கம் பரவி வீட்டுக் குடிலாயிற்று. ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவிற் குடியேறிய மொரேவிய சபையார், குடிலைச் சுற்றி மலை, ஓடை, ஆலை, கிராமம் எல்லாவற்றையும் சிறிதாக அமைக்கலாயினர். ஒரு முழுக் கிராமம் நத்தார் மரத்தின் அடியில் வந்தபின் அங்கே புகைவண்டி வருதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. கொட்டாஞ்சேனையிலே, புனித லூசியா பேராலயத்தைச் சூழ்ந்த வீடுகளிற் குடில் அமைப்பாரைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். மணலும் பஞ்சும், குளத்துக்காக ஒரு முகக்கண்ணாடித் துண்டும், பெத்லகேமிலே என்றும் ஓடியிராத ஒரு வண்டியும் ஆங்கே கூடிவிடும். நம்மவர் இதனைக் கண்டு நகைத்தற்கில்லை. நவராத்திரிக் கொலுவின் கீழ்ப்படிக்கு முன்னே பூங்கா அமைக்கும் வீடுகளில், தெய்வப் படிமங்களின் அடியிலே தகர வண்டியும் பொலிசுக்காரனும் செட்டியாரும் நிற்பதை யார் அறியார்?

அமெரிக்காவிலே ஜோஷுவா லயனல் கவன் என்பார் 1900இல் ஒரு நிறுவனம் தொடங்கி, கடைச் சாளரத்திலே பிற பொருள்களைச் சுமந்து சுற்றிவந்து வழிப்போக்கரை ஈர்த்தற்கென ஒரு மின்சார வண்டியைச் செய்தார். வழிப்போக்கர் பொருளை விட்டு வண்டியை விலைக்குக் கேட்டனர் என்பது அந்நிறுவனத்தைப் பற்றி வழங்கும் கதை. இங்கிலாந்திலே பிராங்க் ஹோர்ண்பி, 1901இல் உரிமம் பெற்ற துளைத்தகட்டு விளையாட்டைப் பின்னர் மெக்கானோ எனப் பெயரிட்டுப் பரப்பினார். முதலாம் உலகப் போரால் ஜெர்மானியப் பொருள்களின் வரவு நின்றமை அவருக்கு வாய்ப்பாயிற்று. 1920இல் அவருடைய வில்சுருள் வண்டிகளும், 1938இல் அவற்றினும் சிறிய டப்ளோ வண்டிகளும் வெளிவந்தன. போரிலே பிறந்த தொழிலை அடுத்த போர் நிறுத்தியது; 1940களின் முற்பகுதியில் உலோக விளையாட்டுப் பொருள் செய்தல் பிரித்தானியாவில் தடைப்பட்டது.

ஒரு சிறு செய்தியை இடையே கூறிச் செல்லல் தகும். 1957இல் லயனல் நிறுவனம் பெண் பிள்ளைகளுக்கென இளஞ்சிவப்பு நிற எஞ்சினொன்றைச் செய்து விற்க முயன்றது. வாங்குவார் இலர். பிள்ளைத்தமிழ் இலக்கணம் பெண் குழந்தைக்குச் சிறுதேரைக் கொடுக்கவில்லை. லயனல் நிறுவனமோ கொடுத்தும் கெடுத்தது. வண்டியை விரும்பும் பெண் பிள்ளை உண்மையான வண்டியின் கருநிறத்தையே விரும்புவாள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. மாதிரியின் உயிர் அதன் மெய்ம்மையில் உள்ளது.

நம் நாட்டிலே புகையிரதத்தின் வரவே நத்தார் விடுமுறையோடு பொருந்தியது ஓர் இனிய தற்செயல். 1858இல் ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிய வேலை, 1864 டிசெம்பர் 27ஆம் நாள், நத்தார் கழிந்த இரண்டாம் நாள், பயன் தந்தது. அன்று கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை, ஏறத்தாழ 54 கிலோமீற்றர் தூரம், முதல் வண்டி ஓடியது. பின்னாளிற் பெல்ஜிய மன்னராகிய இரண்டாம் லெயோபோல்ட், அந்நாளிற் பிரபாந்துக் கோமகன், அதிற் பயணஞ் செய்தார். பொதுமக்களுக்கான சேவை 1865 ஒக்டோபரிலேதான் தொடங்கியது. கோப்பிக்காக அமைத்த பாதை 1867இற் கண்டியை அடைந்தது. கரையோரப் பாதை 1877இற் பாணந்துறையையும் 1894இற் காலியையும் 1895இல் மாத்தறையையும் எட்டியது. வெள்ளவத்தையின் மேற்கெல்லை அன்றுமுதல் அலையும் தண்டவாளமுமாயிற்று.

அதே டிசெம்பர் இறுதி வாரத்துக்கு வேறொரு முகமும் உண்டு. 1964 டிசெம்பர் 22ஆம் நாளிரவு தனுக்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி கடலால் அடித்துச் செல்லப்பட்டது. அதிலிருந்தார் எவரும் பிழைத்திலர். 1914 முதல் தலைமன்னார்க் கப்பலோடு இணைந்து இருநாட்டுத் தமிழரையும் ஏற்றி இறக்கிய பாதையின் அந்நுனி அன்றோடு மறைந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள், போயா தினம். கோட்டையிலிருந்து வெள்ளவத்தையைக் கடந்து தெற்கே சென்ற வண்டி பெரலியவில் ஆழிப்பேரலையிற் சிக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ் வண்டியை இழுத்தது கனடா நாட்டு மானிலமொன்றின் பெயரால் மனிற்றோபா எனப்பட்ட எஞ்சின். 1954 முதற் கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த டீசல் எஞ்சின் வரிசையைச் சேர்ந்த அது, பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் ஓடிற்று. நத்தார்க் காலத்துப் புகைவண்டி என்னும் சொற்றொடர் கரையோரப் பாதையில் வாழ்வார் செவியிலே வேறு நாட்டார் செவியிற்போல இனிமையாக மட்டும் ஒலிப்பதில்லை.

விளையாட்டு வண்டிகள் கொழும்புக்கு வந்த வழி வெளிப்படை. யோர்க் வீதியிற் கார்கில்ஸ் போன்ற பெருங்கடைகள் ஆங்கிலேயருக்கும் வசதிபடைத்த உள்நாட்டாருக்கும் இறக்குமதிப் பொருள்களை விற்றன. எஞ்சின் சாரதிகளாகவும் இயந்திர வல்லுநராகவும் பறங்கியர் பலர் பணிபுரிந்தனர். நிலைய அதிபராகவும் எழுதுவினைஞராகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். ஆகவே, லண்டனிற் பிள்ளைக்கு அதிசயமாயிருந்த பொருள், தெமட்டகொடையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு பிள்ளைக்குத் தந்தையின் தொழிலாயிருந்தது. இரத்மலானையிலே நம் இந்துக் கல்லூரி உள்ள ஊரிலேயே புகையிரதத் தொழிற்சாலையும் உள்ளது. மருதானையிலே கப்பித்தாவத்தைக் கைலாசநாதர் கோயிலிற் கும்பிடுவோர் மணியோசையோடு வண்டியோசையையும் கேட்டே கும்பிடுகின்றனர். நத்தார் என்னும் சொல்லையே நாம் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்றோம். பண்டிகை நமதன்று எனினும் விடுமுறை நமதாயிற்று.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, அயல்நாட்டு விளையாட்டுப் பொருள்கள் கடைகளிலிருந்து மறையலாயின. 1977இற் பொருளாதாரக் கொள்கை மாறும்வரை இந்நிலை பெரிதும் நீடித்தது. பலர் இதனை இழப்பென்றே கூறுவர். நான் அவ்வாறு முற்றும் கருதவில்லை. வாங்க இயலாத தலைமுறை செய்யக் கற்றுக்கொண்டது. பால்மாத் தகரம், தீப்பெட்டி, நூற்கட்டை, துவிச்சக்கரவண்டிக் கம்பி என்பனவே அவர்தம் தொழிற்சாலை. பொற்றேர் கிட்டாத பிள்ளை மண்தேரை இன்னும் நன்றாகச் செய்தது.

செய்யவேண்டிய தேவை வேறொரு காரணத்தாலும் எழுகின்றது. நம் அகலப் பாதையின் அகலம் ஐந்தடி ஆறங்குலம், அஃதாவது 1,676 மில்லிமீற்றர். கடைகளிற் பெரிதும் கிடைக்கும் பிரித்தானியச் சிறு பாதையின் அகலம் 16.5 மில்லிமீற்றர். அவர்கள் 76இல் ஒரு பங்காக வண்டியைச் சிறிதாக்குகின்றனர். அக் கணக்கிலே நம் பாதைக்கு 22 மில்லிமீற்றர் வேண்டும். கடைப் பாதை நாலடி ஓரங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலத்தையே காட்டும்; பிரித்தானியரின் சொந்தப் பாதையாகிய நாலடி எட்டரை அங்குலத்துக்கே அது போதாது. அதன்மேல் நம் எஞ்சினை நிறுத்தினால், பருத்த ஆள் ஒடுங்கிய வாங்கில் இருப்பதுபோல் தோன்றும். கொழும்பு ஆர்வலன் நத்தாருக்கு என்னதான் விரும்பினாலும், அவன் ஊர் வண்டியை அளவு பிழையாது தரும் பெட்டியைக் கடையிற் காணல் அரிது. தண்டவாளத்தைத் தானே சிலிப்பர்க் கட்டைமேல் ஒட்டிக்கொள்ளல் வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதுவும் சுவையானது. களனிப் பள்ளத்தாக்குப் பாதை இரண்டடி ஆறங்குல ஒடுக்கப் பாதையாக 1902இல் அவிசாவளை வரையும், 1912இல் இரத்தினபுரி வரையும், 1919இல் ஓப்பநாயக்க வரையும் சென்றது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் மூடப்பட்டது. எஞ்சியது 1990களில் அகலப் பாதையாக்கப்பட்டது. இப்பாதையின் அகலம் 762 மில்லிமீற்றர். 48இல் ஒரு பங்காக்கினால் 15.9 வரும், கடைப் பாதையின் 16.5க்கும் இதற்கும் ஒரு மில்லிமீற்றர் வேறுபாடும் இல்லை. அமெரிக்காவிலே பாக்மன் நிறுவனம் 1998இல், நத்தார் மரத்தடிக் கிராமக் காட்சிகளுக்குப் பொருந்துமென இதே அளவில் வண்டிகளை வெளியிட்டது. ஆக, மறைந்துபோன நம் சிறு பாதையின் மாதிரிக்கு வேண்டிய சக்கரமும் தண்டவாளமும் நத்தார் அலங்காரத்தின் பெயரால் விற்பனைக்கு வந்தன.

இவற்றையெல்லாம் விட நம்மவர்க்கு நெருங்கியது வட பாதை. 1902இற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே, தென்னிலங்கையோடு தொடர்பின்றித் தனித்தோடத் தொடங்கிய அது, 1905இற் கொழும்போடு இணைந்தது. 1956 ஏப்பிரிலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 யூனில் வட பாதைச் சேவை நின்றது. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வன்னியிலும் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் காவலரண்களுக்காகப் பெயர்த்தெடுக்கப்பட்டன; நிலையங்கள் சுவராய் நின்றன. 2014 ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வண்டி வந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறையை அடைந்தது. இடைப்பட்ட 24 ஆண்டுகளிற் பிறந்து வளர்ந்த கொழும்புத் தமிழ்ப் பிள்ளைக்கு, யாழ்ப்பாணம் புகையிரத நிலையம் என்பது பெரியோர் வாயிற் கேட்ட சொல்லன்றி வேறில்லை.

1990களின் நடுப்பகுதியில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலே, பணி ஓய்வு பெற்ற நிலைய அதிபர் ஒருவர் இருந்தார். டிசெம்பர் விடுமுறையில் அயற் பிள்ளைகளைக் கூட்டி, ஒரு பழைய கதவின்மேற் சாவகச்சேரி நிலையத்தைச் செய்வித்தார். சுவர் காகித மட்டை, வேலி ஈர்க்கு, பனைகள் விளக்குமாற்றுக் குச்சியும் கத்தரித்த பச்சைக் காகிதமும். வண்டி கடையில் வாங்கிய மலிவான பொருள். அதன் சிவப்பு நிறம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. ஆனால் கைகாட்டி மரத்தை மட்டும் மூன்று முறை பிரித்துச் செய்வித்தார். பிள்ளைகள் அவசரத்தில் வண்டியைத் தள்ளியபோது, "கைகாட்டி விழாமல் வண்டி உள்ளுக்கு வரக்கூடாது, தம்பி" என்றார். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வாராமற் காக்கச் சாரதியிடம் கொடுக்கப்படும் வளையத்தைப் பற்றியும், அதனை ஓடும் வண்டிக்கு நீட்டும் முறையைப் பற்றியும் நாங்கள் அறிந்தது அக் கதவின் முன்னேதான். அப்பொழுது அங்கே பாதையும் இல்லை, வண்டியும் இல்லை. ஆனால் நேரசூசி அவர் மனத்தில் இருந்தது.

வரலாற்று மாணவன் இத்தகைய மாதிரியைச் சான்றாகக் கொள்ளலாமோ? கொள்ளலாம், ஆராய்ந்து கொள்ளல் வேண்டும். நினைவு தான் நேசித்ததையே செப்பமாகச் செய்யும். அக் கதவின்மேல் மேடையும் மலர்ச்செடியும் இருந்தன. மூன்றாம் வகுப்பு நெரிசல் இல்லை, சோதனைச் சாவடி இல்லை. ஹோர்ண்பியின் அழகிய பெட்டிகளிலும் பாதையமைத்த கூலியாள் இல்லை. கடுகண்ணாவை மலையிலே நோயாலும் வெடியாலும் மாண்டவர்க்கு எந்த மாதிரியிலும் இடமில்லை. ஆதலின் வரைபடம், நிழற்படம், பழைய நேரசூசி, முதியோர் வாய்மொழி என்பவற்றோடு ஒப்புநோக்கியே மாதிரியைப் படித்தல் வேண்டும். மறுபுறத்தே, கைகாட்டி மேடையிலிருந்து எத்தனை அடி தூரத்தில் நின்றது, பயணச்சீட்டுச் சாளரம் எத்திசையை நோக்கியது என்பன போன்ற செய்திகளை மாதிரி செய்பவனே முதலிற் கேட்கின்றான். ஏட்டுப் புலவர் அவற்றைக் கேட்பதில்லை.

பிற நாடுகளிலே இவ் விருப்பம் நிறுவனமாக வளர்ந்துள்ளது. பூனா நகரிலே யோஷி என்பார் உருவாக்கிய சிறு புகையிரத அருங்காட்சியகம் 1998இற் திறக்கப்பட்டது. ஹம்பேர்க் நகரின் பெருங்காட்சி 2001இல் தொடங்கியது. நம் நாட்டிலே கடுகண்ணாவைத் தேசிய புகையிரத அருங்காட்சியகம், முதல் வண்டி ஓடி 150 ஆண்டு நிறைந்த 2014 டிசெம்பர் 27ஆம் நாள் திறக்கப்பட்டது. ஆங்கே மெய்யான எஞ்சின்களைக் காணலாம். நிலையங்களையும் அவற்றைச் சூழ்ந்த ஊரையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவருதல் இயலாது.

நம் மாணவர் நத்தார் விடுமுறையிலே ஒரு நிலையத்தை அளந்து செய்ய விரும்புவாராயின், சிறிய நிலையத்தையே தேர்தல் நன்று. அளவுநாடாவோடு செல்லுமுன் நிலைய அதிபரிடம் அனுமதி பெறல் வேண்டும். தண்டவாளத்தில் இறங்குதல் கூடாது. 600 அடி நீள மேடை 76இல் ஒரு பங்காகச் சுருங்கினாலும் ஏறத்தாழ எட்டடி வரும்; வீட்டு மேசை போதாது. கட்டடத்தை அளவாகச் செய்து மேடையைச் சுருக்குதலே ஆர்வலர் வழக்கு. எவ்வளவு சுருக்கினோம் என்பதைப் பலகையின் அடியில் எழுதிவைத்தல் வேண்டும். முழுப் பாதையையும் செய்யும் ஆசை எவருக்கேனும் எழுமாயின் கணக்கு இதுதான்: கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்குள்ள 400 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் இவ் வளவிலே ஐந்தரைக் கிலோமீற்றருள் அடங்கும். வெள்ளவத்தையில் முதல் தண்டவாளத்தை இட்டால், கொட்டாஞ்சேனையை அடையுமுன் காங்கேசன்துறை வந்துவிடும்.